பழைய டிவி, கேம் கேபிள் வாங்கி விற்கிறீங்களா? லாபத்தை இப்படி எண்ணிப் பாருங்க



என் சித்தி பையன் ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறான். வயசு 26. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அண்ணே, மூணு மாசத்துல 12,600 ரூபா லாபம். சம்பளத்துல கை வைக்கவே இல்ல"ன்னான். என்ன வியாபாரம்டான்னு கேட்டேன். பின்பக்கம் பெருசா இருக்குமே, அந்தப் பழைய சிஆர்டி டிவி. காயலான் கடையில 800 ரூபாய்க்கு வாங்கி, பழைய வீடியோ கேம் ஆடறவங்களுக்கு 5,000 ரூபாய்க்கு விற்கிறான். கூடவே கேபிளும்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனா அந்த 12,600-ஐ உட்கார்ந்து எண்ணினப்போ வேற ஒரு எண் வந்தது. வருஷக் கடைசியில வரிக் கணக்கு போட்டப்போ இன்னும் மோசமான ஒரு எண் வந்தது. சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஏதாவது வாங்கி விற்கிற எல்லாருக்கும் இந்த ரெண்டு கணக்கும் பொருந்தும். அதான் இந்தப் பதிவு.

முதல்ல, இதையெல்லாம் யார் வாங்கறாங்க?

மீடியா, சாமுராய் மாதிரி 8-பிட் கன்சோல்ல கான்ட்ரா ஆடினவங்க, பிளேஸ்டேஷன் 1, 2 வச்சிருந்தவங்க இப்போ சம்பாதிக்கிறாங்க. அவங்களுக்கு அந்த விளையாட்டு அன்னைக்குத் தெரிஞ்ச மாதிரியே தெரியணும். புது எல்இடி டிவியில அது வராது. காரணம் இருக்கு. பிளேஸ்டேஷன் 1 காலத்துக் கன்சோல்கள் பெரும்பாலும் 240 வரி கொண்ட படத்தை அனுப்பும். புது டிவி அதைத் தன் திரைக்கு ஏத்த மாதிரி மாத்தும்போது படம் மங்கும், பட்டனை அழுத்தினதுக்கும் திரையில அசையறதுக்கும் நடுவுல தாமதம் வரும். வாத்து சுடற துப்பாக்கி புது டிவியில வேலையே செய்யாது. அது சிஆர்டி திரை ஒளிர்ற விதத்தை நம்பிச் செய்யப்பட்டது.

அதனால தேவை நிஜம். ஆனா பழசு எல்லாத்துக்கும் விலை இல்லை. நம்ம ஊர்ல 2006-ல தொடங்கின இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துல வீடு வீடா வந்தது 14 இஞ்ச் சிஆர்டிதான். சாதாரண 14 இஞ்ச் டிவி அரிய பொருள் இல்லை. கேட்டு வர்றவங்க 21 இஞ்ச், 29 இஞ்ச் தட்டைத் திரை, அதுலயும் பின்னாடி பச்சை, நீலம், சிவப்புன்னு காம்பொனென்ட் இன்புட் இருக்கிறதைத்தான் கேட்பாங்க. சோனி ட்ரினிட்ரான்னா இன்னும் மதிப்பு. 1968-ல வந்த அந்தக் குழாயை 2008-ல சோனி பெரும்பாலான நாடுகளுக்கு நிறுத்திட்டாங்க. இனிமே புதுசா வராது. டிவி ஸ்டுடியோக்கள்ல இருந்த சோனி பிவிஎம் மானிட்டர் கிடைச்சா அது தனி விலை.

இன்னொரு தப்பும் நடக்குது. பழைய கம்ப்யூட்டர் மானிட்டரை "ரெட்ரோ மானிட்டர்"னு விற்கிறது. டிவிக்கான கன்சோல் சிக்னல் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ். விஜிஏ மானிட்டர் ஆரம்பிக்கிறதே 31 கிலோஹெர்ட்ஸ்ல. நடுவுல மாத்தித் தர ஒரு கருவி இல்லாம பிளேஸ்டேஷன் 1 அதுல ஓடாது. தெரியாம வித்தீங்கன்னா பணம் திரும்பிப் போகும், பேரும் போகும்.

12,600 எப்படி 1,390 ஆச்சு?

தம்பி சொன்ன கணக்கு: மூணு டிவி வித்தான், ஒண்ணு 5,000, மொத்தம் 15,000. வாங்கினது 800 வீதம் 2,400. மீதி 12,600.

நான் கேட்ட முதல் கேள்வி: "மூணுதான் வாங்கினியா?" அஞ்சு வாங்கியிருந்தான். இப்போ முழுக் கணக்கைப் பாருங்க:

- அஞ்சு டிவி வாங்கின விலை: 4,000
- குட்டியானை வாடகை: 1,500
- மெக்கானிக் கூலி, நாலு டிவிக்கு 900 வீதம் (அஞ்சாவதுல குழாயே போயிடுச்சு): 3,600
- மூணு டிவியோட சேர்த்துக் கொடுத்த கேபிள், 450 வீதம்: 1,350
- பேக்கிங், நாலு டிவிக்கு 250 வீதம்: 1,000
- கோயம்புத்தூருக்குப் பார்சல் லாரியில அனுப்பி, குழாயோட கழுத்து உடைஞ்சு போன நாலாவது டிவிக்கு பார்சல் கட்டணம்: 900

மொத்தச் செலவு 12,350. வரவு 15,000. மீதி 2,650.

அடுத்த கேள்வி: "முதல் எங்கிருந்து வந்தது?" கிரெடிட் கார்டு. மாசம் 3.5% வட்டி. வருஷத்துக்கு 42%. சுமார் 12,000 ரூபாயை மூணு மாசம் சுழல விட்டிருந்தான். வட்டி மட்டும் 1,260. கையில நின்னது 1,390 ரூபாய்.

இதுக்காக அவன் போட்ட நேரம், கடைக்கு அலைஞ்சது, தூக்கினது, டெஸ்ட் பண்ணினது, வாங்கறவங்களுக்கு போன்ல விளக்கினது எல்லாம் சேர்த்துக் குறைஞ்சது 40 மணி நேரம். மணிக்கு 35 ரூபாய் கூட வரலை. 29 இஞ்ச் டிவி 40 கிலோவுக்கு மேல இருக்கும். முதுகு பிடிச்சுக்கிட்டா டாக்டர் பீஸ் தனி.

இதுல அவன் செஞ்ச தப்பு ஒண்ணுதான். வித்த டிவிக்கு மட்டும் கணக்கு போட்டான். வாங்கின எல்லாத்துக்கும் போடலை. வாங்கி விற்கிற எந்தத் தொழில்லயும் லாபத்தைச் சாப்பிடறது விற்காத சரக்குதான். உடைஞ்சது, ஓடாதது, ஆறு மாசமா ரூம்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறது, எல்லாத்தோட விலையும் வித்த மூணோட தலையிலதான் விழும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். கூலி மிச்சம்னு நீங்களே டிவியைத் திறக்காதீங்க. கலர் குழாய்ல 20,000 வோல்ட்டுக்கு மேல போகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் தங்கியிருக்கலாம். ஓடாத டிவியை உடைச்சுக் குப்பையில போடறதும் வேண்டாம். கண்ணாடியில ஈயம் இருக்கு. அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர்கிட்ட கொடுங்க. தம்பியும் ரெண்டு செத்த டிவியை அப்படித்தான் கொடுத்தான், பைசா வாங்காம.

கேபிள் பரவாயில்லையா?

கணக்குப்படி, ஆமா. ரிச்சி தெருவுலயோ ஆன்லைன்லயோ 450-க்கு வாங்கி, டெஸ்ட் பண்ணி, 750-க்கு வித்தா 300 நிக்கும். கால் கிலோ கூட இருக்காது, கூரியர்ல உடையாது, மேஜை டிராயர்ல 50 கேபிள் அடங்கும். பிளேஸ்டேஷன் 1, 2, 3 மூணுக்கும் பின்னாடி இருக்கிற ஏவி பிளக் ஒண்ணுதான். அதனால சரக்கு தேங்காது.

ஆனா கேபிள் விற்கணும்னா பொருளைத் தெரிஞ்சிருக்கணும். ஐரோப்பாவோட 21 பின் ஸ்கார்ட் பிளக்கும் ஜப்பானோட 21 பின் ஆர்ஜிபி பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வயரிங் வேற. மாத்திச் செருகினா கருவி பழுதாகலாம். "ரெண்டும் ஒண்ணுதான் சார்"னு சொல்லி வித்துட்டு, ஒருத்தரோட கன்சோல் போச்சுன்னா, 300 ரூபாய் லாபத்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க?

"இது அரிய கேபிள், பின்னாடி விலை ஏறும்"னு வாங்கி அடுக்கறவங்களுக்கு ஒரு கதை. நின்டெண்டோ 2001-ல கேம்கியூப் கொண்டு வந்தாங்க. அதுக்கான காம்பொனென்ட் கேபிள்ல சிக்னலை மாத்தற சிப் பிளக்குக்குள்ளயே இருந்தது. வித்தது கொஞ்சம்தான். 2004-ல வந்த புது மாடல்ல அந்த டிஜிட்டல் போர்ட்டையே எடுத்துட்டாங்க. விளைவு, பழைய பொருள் சந்தையில கன்சோலை விட கேபிள் பல மடங்கு விலைக்குப் போச்சு. அப்புறம் ஆர்வலர்கள் அந்தச் சிக்னலை நேரா எச்டிஎம்ஐ-யா மாத்தற ஒரு வடிவமைப்பை எல்லாரும் பயன்படுத்தற மாதிரி வெளியிட்டாங்க. அதை வச்சு அடாப்டர்கள் வந்தது. ஆட ஆசைப்பட்டவங்களுக்கு ஒரிஜினல் கேபிளைத் தேடி அலையற கட்டாயம் போச்சு. சேகரிப்பாளர்கள் மட்டும்தான் மிச்சம்.

பங்குச் சந்தையானாலும் கேபிளானாலும் பாடம் இதுதான்: "கிடைக்காது" என்கிற ஒரே காரணத்துக்காக ஏறின விலை, வேற வழி கிடைச்ச அன்னைக்கே ஆட்டம் காணும். அவசர நிதியை எடுத்து அடுக்கி வைக்கிற சரக்கு இல்லை இது.

வரி: கோடு எங்கே விழுது?

உங்க வீட்ல நீங்க ஆடின பிளேஸ்டேஷனையும், அப்பா வாங்கின டிவியையும் விற்கிறீங்களா? அது சொந்த உபயோகப் பொருள். நகை, ஓவியம், சிற்பம் மாதிரிச் சட்டம் தனியாச் சொல்ற சில பொருள்களைத் தவிர, இப்படிப்பட்ட வீட்டுப் பொருளை விற்கிறதுல மூலதன ஆதாய வரி கிடையாது. நிம்மதியா வித்துட்டுப் போங்க.

ஆனா விற்கணும்னே ஒண்ணை வாங்கினீங்கன்னா, திரும்பத் திரும்ப அதைச் செஞ்சீங்கன்னா, அது வியாபார வருமானம். கடை வேணாம், போர்டு வேணாம். படுக்கை அறைதான் குடோன்னாலும் வியாபாரம் வியாபாரம்தான். "சின்னத் தொகைதானே"ன்னு ஒரு விலக்கும் கிடையாது. சம்பளத்தோட சேர்த்துக் காட்டணும்.

இங்கதான் தம்பி மாட்டினான். டிவியைக் குறைச்சு, கேபிள் பக்கம் போய், கார்டுக் கடனை அடைச்சு, ஒழுங்கா எக்செல்ல எழுதி, 2025-26 நிதியாண்டுல எல்லாச் செலவும் போக 40,000 ரூபாய் நிஜ லாபம் பார்த்தான். விற்பனை மொத்தம் 1,60,000. எல்லாம் யுபிஐ. சம்பளம் 12,75,000. புது வரி முறை.

சம்பளம் மட்டும்னா, நிலைக்கழிவு 75,000 போக 12 லட்சம். தள்ளுபடி கிடைச்சு வரி பூஜ்யம். கம்பெனியும் ஒரு ரூபாய் டிடிஎஸ் பிடிக்கலை. இப்போ 40,000 சேருது. வருமானம் 12,40,000. 12 லட்சத்தைத் தாண்டினதால முழுத் தள்ளுபடி போச்சு. ஸ்லாப் கணக்குல வரி 66,000. சட்டத்துல விளிம்பு நிவாரணம்னு ஒண்ணு இருக்கறதால, 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு சம்பாதிச்சீங்களோ அதைத் தாண்டி வரி போகாது. அதனால வரி 40,000. அதுக்கு மேல 4% செஸ் 1,600.

40,000 சம்பாதிச்சு 41,600 வரி. வருஷம் முழுக்க உழைச்சும் 1,600 நஷ்டம்.

நம்ப முடியலைன்னா நீங்களே போட்டுப் பாருங்க. 12 லட்சத்துல நிக்கிற ஒருத்தருக்குச் சுமார் 70,600 ரூபாய் வரைக்கும் கூடுதல் லாபம் மொத்தமும் வரியிலயே போகும். அதுக்கு மேல போனாத்தான் கையில ஏதாவது நிக்க ஆரம்பிக்கும். உங்க சம்பளம் 9 லட்சம்னா இந்தப் பிரச்சினை இல்லை. சின்ன லாபத்துக்கு வரி வராது. 30% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து 31.2% போகும். ஆக, பக்கத்து சீட் நண்பருக்கு லாபமான அதே வேலை உங்களுக்கு நஷ்டமாகலாம். தொடங்கறதுக்கு முன்னாடி உங்க இடம் எதுன்னு பாருங்க.

"அண்ணே, 6% போட்டா போதும்ல?"

தம்பியும் இதைத்தான் கேட்டான். சின்ன வியாபாரிகளுக்கு உத்தேச வரி முறை இருக்கு. 1961 சட்டத்துல 44ஏடி-ன்னு எல்லாரும் சொல்ற பிரிவு. விற்பனையில 8%, வங்கி அல்லது யுபிஐ வழியா வந்த பணத்துக்கு 6%, லாபமாக் காட்டலாம். 1,60,000-க்கு 6% என்றால் 9,600. ஆனா அது குறைஞ்சபட்சம்தான். அதை விட அதிகமா சம்பாதிச்சிருக்கேன்னு உங்க எக்செல்லே சொல்லும்போது, அந்த அதிகத் தொகையைக் காட்டறதுதான் சரி. நான் கையெழுத்து போடற கணக்குல அப்படித்தான் செய்வேன். என் தம்பிக்கும் அப்படித்தான் செஞ்சேன். மூஞ்சி சுருங்கிடுச்சு, என்ன பண்றது.

ஒரு விஷயத்துல தப்பிச்சான். பிப்ரவரியிலயே வந்தான். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதுக்கு மேல இருந்தா முன்கூட்டி வரி கட்டணும். உத்தேச முறைக்காரங்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15-க்குள்ள. கட்டிட்டோம். ஜூலையில வந்திருந்தா வட்டியும் சேர்ந்திருக்கும்.

இன்னும் மூணு விஷயம் மறக்காதீங்க:

1. வியாபார வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போடக் கூடாது. உத்தேச முறைன்னா ஐடிஆர்-4, முழுக் கணக்கு எழுதினா ஐடிஆர்-3.

2. பழைய வரி முறையில இருக்கறவங்க ரொம்ப கவனம். வெறும் சம்பளக்காரர் வருஷா வருஷம் முறையை மாத்திக்கலாம். வியாபார வருமானம் இருந்தா, பழைய முறையில இருக்க 10-ஐஇஏ படிவம் கெடுவுக்குள்ள போடணும். அப்படிப் போட்டவங்க புது முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான். திரும்பிட்டா, வியாபார வருமானம் இருக்கிற வரைக்கும் பழைய முறைக்கு வழி இல்லை. வீட்டுக் கடன் வட்டி, எச்ஆர்ஏ எல்லாம் கழிச்சுக்கிட்டு இருக்கறவங்க நாலு கேபிள் வித்ததுக்காக இந்தச் சுதந்திரத்தை இழக்கணுமான்னு யோசிங்க.

3. ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுல பொருள் மட்டும் விற்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லை. ஆனா அது மாநிலத்துக்குள்ள விற்கிறவங்களுக்கு. வியாபாரமா பெங்களூருக்கு ஒரு கேபிள் அனுப்பினாலே வெளிமாநில விற்பனை, தொகை எவ்வளவுன்னாலும் பதிவு வேணும். பணத்தைத் தானே வசூலிச்சுக் கொடுக்கிற ஆன்லைன் தளம் வழியா வித்தா அதுக்குத் தனி விதிகள் இருக்கு. நிறையப் பேர் தெரியாமலே மீறுறது இந்த இடத்துலதான்.

அப்போ செய்யவே கூடாதா?

செய்யலாம். இந்த வரிசையில செய்யுங்க:

- முதல்ல வீட்ல சும்மா கிடக்கற உங்க சொந்தப் பொருளை வித்துப் பாருங்க. வரி இல்லை, முதலீடு இல்லை. இந்த வேலை பிடிக்குதான்னும் தெரிஞ்சிடும்.
- கார்டுல வாங்காதீங்க. கையில இருக்கிற ஒரு சின்னத் தொகை, போனாலும் தூக்கம் கெடாத தொகை, அதுதான் முதல். அது சுழன்று வந்த பிறகுதான் அடுத்த சரக்கு.
- தனி சேமிப்புக் கணக்கு, தனி யுபிஐ. வாங்கின தேதி, விலை, வண்டி, கூலி, வித்த விலை எல்லாத்தையும் அன்னைக்கே எழுதுங்க. உடைஞ்சதையும் எழுதுங்க.
- ஆபர் லெட்டரை எடுத்து வேற தொழில் செய்யறது பற்றி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. சில கம்பெனிகள்ல முன் அனுமதி கேட்கணும்.
- டிசம்பர்லயே சம்பளத்தையும் லாபத்தையும் சேர்த்து வரி போட்டுப் பாருங்க. 12 லட்சக் கோட்டை ஒட்டி இருந்தீங்கன்னா, கம்பெனி உங்க சம்பள அமைப்புல என்பிஎஸ் பங்களிப்பு வச்சுத் தருமான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. கம்பெனி போடற அந்தப் பங்குக்கு, குறிப்பிட்ட வரம்பு வரைக்கும், புது முறையிலயும் கழிவு உண்டு. வருஷத் தொடக்கத்துலயே கேட்டா இன்னும் நல்லது.

தம்பி இந்த ஏப்ரல்ல அதைத்தான் முதல் வேலையாச் செஞ்சான். டிவி வாங்கறதை நிறுத்திட்டான். கேபிள் மட்டும், அதுவும் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும். கடைசியா ஒரு 21 இஞ்ச் ட்ரினிட்ரான் மிச்சம் இருந்தது. ஒருத்தர் 9,000 வரைக்கும் கேட்டாராம். கொடுக்கலை. சித்தப்பாவும் அவனும் ராத்திரி அதுல கான்ட்ரா ஆடறாங்க. "இதுக்கு வரி உண்டாண்ணே?"ன்னு கேட்டான். இல்லைடான்னேன்.

உங்க சம்பளம், ஸ்லாப், விற்கிற விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இந்தப் பதிவு பொதுவான புரிதலுக்கு. ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. இதே கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன்.